அஞ்சு மூட்டை குண்டு மிளகா

எங்க மில்லுக்கு வர்ற பொம்பளைங்க படி ஏறும்போதே கேக்குற கேள்வி ஒண்ணுதான். "முன்னாடி இன்னா அரைச்ச?" நல்லாருக்கியா, சாப்ட்டியா எல்லாம் அப்பாலதான். மெஷின்ல எதைப் போட்டாலும் கடைசியில கொஞ்சம் உள்ளயே தங்கிடும். அது அடுத்து அரைக்கிறவங்க பாத்திரத்துலதான் போய் விழும். அதனால கோதுமை கொண்டாந்தவ, முன்னாடி கோதுமையான்னு பாத்துட்டு வந்து ஒட்டிக்குவா. கொழந்தைக்குக் கேவுரு கஞ்சி மாவு அரைக்கிறவ நான் கடை தொறக்குறதுக்கு முன்னாடியே வந்து நிப்பா, எதுவும் கலந்துடக் கூடாதுன்னு.

மிளகாய்க்குத் தனி மெஷின். அதுலயும் இந்த வரிசை உண்டு. குழம்புத் தூளு ஒருத்திக்கு ஒரு மாதிரி, தனி மிளகாத் தூளு வேற. பொருள் மாறும்போதெல்லாம் ஒரு புடி பச்சரிசியைப் போட்டு ஓட்டுவேன். தூள் எறங்குற துணிப்பையை நாலு உதறு உதறிட்டுத்தான் அடுத்த ஆளோடதக் கொட்டுவேன். என் வாய் கொஞ்சம் நீளம்னு சொல்றவங்க கூட இந்த விஷயத்துல எம்மேல விரல் நீட்டினது கெடையாது. அந்த ஆடி மாசம் வரைக்கும்.

சேரப்பணஞ்சேரியில நான் மில்லு போட்டுப் பதினேழு வருஷம் ஆகுது. நாட்டுல ஜனங்க எவ்ளோ மிளகா தின்றாங்க, கூடிச்சா கொறைஞ்சிச்சான்னு டிவியில யாராவது கோட்டு போட்டுக்கினு பேசுனா எனக்குச் சிரிப்புதான் வரும். எங்கிட்ட வந்து கேளுங்கப்பா, என் தும்மலே சொல்லும்.

மில்லு போட்ட புதுசுல பங்குனி, சித்திரை வந்தா எனக்கு மூச்சு விட நேரம் இருக்காது. ஒவ்வொரு வூட்லயும் வருஷத்துக்குத் தேவையானத ஒரே மூச்சா அரைச்சிடுவாங்க. மாடியில நாலு நாள் காயவச்ச நீட்டு மிளகா, வறுத்த தனியா, பருப்பு, மிளகு, வெந்தயம், விரலி மஞ்சள் எல்லாம் அண்டாவுல கொட்டி, சைக்கிள் கேரியர்ல கட்டிக்கினு வருவாங்க. வூட்டுக்கு அஞ்சு கிலோ, ஆறு கிலோ மிளகா. தெருவே தும்மும். எதிர்த்த டீக்கடைக்காரரு "இன்னிக்கு மிளகாயா, சொல்லியிருந்தா கடையே தொறந்திருக்க மாட்டேனே"ன்னு கத்துவாரு. அந்த ரெண்டு மாசம் என் கையில எரிச்சல் அடங்கவே அடங்காது.

அப்புறம் பாக்கெட் தூளு வந்துச்சு. வூட்ல ரெண்டு பேரும் ஷிப்டுக்குப் போறாங்க, மாடியில மிளகாயைக் காயவச்சிட்டு யார் காக்கா ஓட்டுறது? ஆறு கிலோ மூணாச்சு, மூணு ஒண்ணாச்சு. அப்பால அரைக்கிலோவைத் தூக்குல போட்டுக்கினு வருவாங்க. "இத அரைக்க மெஷினா? அம்மியில தட்டிக்கோ"ன்னு திட்டிக்கினே அரைச்சுக் குடுப்பேன். புள்ளைங்க காரம் தின்றதில்ல, வூட்டுக்காரருக்கு அல்சருன்னு ஒவ்வொருத்தியும் ஒரு கதை சொல்லுவா. ஆனா குழம்பு மட்டும் செவப்பா இருக்கணும். அதுக்குன்னு கலர் மட்டும் குடுக்குற, காரமே இல்லாத சுருங்குன மிளகா ஒண்ணு மார்க்கெட்டுக்கு வந்துச்சு. எனக்கு அதக் கண்டாலே ஆவாது. மேக்கப்பு போட்டுக்கினு வந்து ஒரு வேலையும் செய்யாத மருமக மாதிரி.

விலை கதை தனி. ஒரு வருஷம் ஆந்திராவுல மழையில காய் அழுகிச்சுன்னு சொல்லி விலை ஏறிப்போச்சு. அந்த வருஷம் எல்லாரும் மிளகாயைக் கொறைச்சு தனியாவை அள்ளிப் போட்டாங்க. ஊரு பூரா குழம்பு மண்ணு கலருக்கு வந்துடுச்சு. விலை ஏறிச்சுன்னு பாத்த வெவசாயி எல்லாரும் அடுத்த வருஷம் மிளகாயே போட, எங்க பாத்தாலும் மிளகா, வாங்க ஆளில்ல. எனக்கு இங்க தூளு மலிவா ஓடுனா, எங்கயோ ஒரு வூட்ல மூட்டை தேங்கி நிக்குதுன்னு அர்த்தம். இது எனக்கு அப்போ தெரியாது. அந்தப் பொண்ணு சொல்லித்தான் தெரிஞ்சிக்கினேன்.

அந்தப் பொண்ணு ராமநாதபுரத்துப் பக்கம். ஒரகடத்துல ஒரு கம்பெனியில லைன்ல வேலை. எங்க மில்லுக்குப் பின்னாடி வாடகை ரூம்ல இன்னும் ரெண்டு பொண்ணுங்களோட தங்கியிருந்தா. வயசு இருபத்தஞ்சு இருக்கும். அரைக்க ஒண்ணும் கொண்டாந்தது இல்ல, லீவு நாள்ல சும்மா வந்து மில்லுல ஒக்காந்துக்குவா. மாவு வாசனை புடிக்கும்பா. அவ பேச்சு எனக்குப் புடிக்கும். அவங்க அப்பாவை "சொல்றாக, வர்றாக"ன்னுதான் சொல்லுவா. நான் கிண்டல் பண்ணுவேன், "உங்க ஊர்ல அப்பா ஒருத்தரா, பத்துப் பேரா?"ன்னு.

ஆடி மாசம் ஒரு ஞாயித்துக்கெழமை மதியானம் வந்தா. மூஞ்சி தொங்கியிருந்துச்சு. "அக்கா, மாமா வேலை பாக்குற கேட்ல ஆள் எடுக்குறாகளா?"ன்னு கேட்டா.

என் வூட்டுக்காரரு ஒரு கம்பெனி கேட்ல செக்யூரிட்டி. பதினோரு வருஷமா அதே கேட்டு. அதுக்கு முன்னாடி வடக்குப்பட்டுல எங்களுக்கு நெலம் இருந்துச்சு. நெல்லு, வேர்க்கடலை போடுவாரு. கம்பெனிக்குப் போன அந்த எடத்துல இப்போ லாரிங்க நிக்குது. அதுக்காக நான் ஒப்பாரி வைக்கிற ஆளு கெடையாது. கடன் இல்ல, பொண்ணைக் கட்டிக் குடுத்தாச்சு, மில்லு ஓடுது. இவரும் "நெழல்ல ஒக்காந்து சம்பளம், மழை பேஞ்சா இன்னா, பேயலன்னா இன்னா"ன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லுவாரு. நாங்க நல்லாத்தான் இருக்கோம்.

"யாருக்குடி வேலை?"ன்னு கேட்டேன்.

"அப்பாவுக்கு"ன்னு சொல்லிட்டு அழுதுட்டா.

எனக்கு சுர்ருனு ஏறிடுச்சு. "ஏன், கேட்ல நின்னா இன்னா, மானம் போயிடுமா? எங்க வூட்டு ஆளு நிக்கல? அதுக்கு எதுக்கு எழவு வூடு மாதிரி அழுற?"

அவ பதறிட்டா. "ஐயோ அக்கா, அப்படிச் சொல்லலக்கா. மாமாவைச் சொல்லலக்கா"ன்னு என் கையப் புடிச்சிக்கினா. அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னா. அவ அப்பா குண்டு மிளகா போடுற வெவசாயி. போன வருஷம் நல்ல விலை போச்சுன்னு இந்த வருஷம் அவங்க பக்கம் எல்லாரும் போட்டுட்டாங்க. ஏறும் ஏறும்னு கடைசியாப் பறிச்ச காயை வூட்லயே வச்சிருந்தாரு. அஞ்சு மூட்டை. ஏறவே இல்ல. ஏவாரி வந்து பாத்துட்டு, மழை பட்ட காயி, கலரு மங்கிப்போச்சுன்னு திரும்பிப் போயிட்டான். இன்னும் ரெண்டு மாசத்துல புரட்டாசி மழைக்கு வெதைக்கணும். "இனிமே மொளகா வேண்டாம்த்தா, எனக்கும் ஒரு கேட்டைப் பாத்துச் சொல்லு, உன் கூடயே வந்துர்றேன்"னு போன்ல சொல்லியிருக்காரு.

"எங்கப்பாவுக்கு மொளகாயைத் தவிர வேற ஒண்ணும் தெரியாதுக்கா. வெயில்ல நின்ன ஆளுக்கா. இங்க வந்து ஒரு ஸ்டூல்ல ஒக்காந்து லாரி நம்பரு எழுதுறத என்னால பாக்க முடியாது"ன்னா.

எனக்கு அதுக்கு மேல கோவப்பட முடியல. ஆனா வாய் சும்மா இருக்குமா? "மொதல்ல மிளகாயக் கொண்டாரச் சொல்லு. உங்கப்பன் அப்பால வரட்டும், வராம போவட்டும்"னேன். வேலை காலியான்னு இவர்கிட்ட கேக்குறேன்னும் சொல்லி வச்சேன். ரெண்டு பக்கமும் கதவு தொறந்திருக்கட்டும்னு.

அஞ்சு மூட்டையும் பஸ் மேல ஏறி கிளாம்பாக்கத்துல எறங்குச்சு. அங்கேர்ந்து ரெண்டு ஷேர் ஆட்டோவுல ஏத்திக்கினு நானும் அவளும் வந்தோம். படப்பை வர்றதுக்குள்ள என் ஆட்டோ டிரைவர் எண்ணி முடிக்க முடியாத தும்மல் தும்முனாரு. "யக்கா, இன்னா மூட்டை இது, குண்டா?"ன்னாரு. "குண்டுதான், குண்டு மிளகா"ன்னேன். சிரிச்சதுல இன்னும் நாலு தும்மல் வந்துச்சு அவருக்கு.

மூட்டையைப் பிரிச்சுப் பாத்தேன். எங்க பக்கம் நீட்டு மிளகாதான் பழக்கம். இது உருண்டையா, கோலிக்குண்டு அளவுக்கு, தடிச்ச தோலோட இருந்துச்சு. கலரு கொஞ்சம் மங்கல்தான், அந்த ஏவாரி பொய் சொல்லல. ஆனா ஒண்ண உடைச்சு மோந்தேன் பாரு, அப்பா! தலைக்கு ஏறுற நெடி இல்ல. பசி எடுக்குற வாசனை.

ஆனா வாசனையை எப்படி விக்கிறது? வர்றவங்க எல்லார்கிட்டயும் காட்டுனேன். "இன்னாது இது, இலந்தப்பழமா?"ன்னு ஒருத்தி கேட்டா. "கலரே இல்லியே"ன்னா இன்னொருத்தி. "எங்க வூட்ல நீட்டுதாம்மா"ன்னு எல்லாரும் நழுவிட்டாங்க. ஒரு வாரம் ஆச்சு, ஒரு கிலோ கூடப் போவல. அந்தப் பொண்ணு ஷிப்டு முடிஞ்சு வந்து மூட்டைங்களைப் பாப்பா, போயிடுவா. கம்பெனியில ஒரு ஆள் வேலையை வுட்டு நிக்கப் போறாரு, மாசக் கடைசியில எடம் காலியாவும்னு இவரும் சொன்னாரு. "பேரு குடுத்தா போதும், நான் சொல்லிக்கிறேன்"னாரு.

தூளாப் பாத்தா வாங்குவாங்களோன்னு ஒரு நாள் காலையில பத்து கிலோவை எடுத்துக் காம்பு கிள்ளி அரைச்சேன். அவளுக்கு அன்னிக்கு லீவு, அவளும் கூட நின்னா. சூடா எறங்குன தூளைத் தரையில பேப்பர் விரிச்சு ஆறவச்சோம். அவ ஒரு சிட்டிகை நாக்குல வச்சுப் பாத்துட்டு, "எங்க வீட்டு அடுப்படி வந்துருச்சுக்கா"ன்னு சொல்லிச் சிரிச்சா. பத்து நாளைக்கு அப்புறம் அவ சிரிச்சதப் பாத்து எனக்கும் குஷியாயிடுச்சு. அந்த நேரம் பாத்து பக்கத்துத் தெரு பொம்பளை ஒருத்தி குழம்புத் தூளுக்கு டப்பாவோட வந்துட்டா. எங்க ஊர்லயே பெரிய வாய்க்காரி அவ. வாயில எனக்கே அக்கா. பேசிக்கினே வாங்கி அவளோடதக் கொட்டி அரைச்சுக் குடுத்து அனுப்பிட்டேன். அவ தெருமுனை திரும்புன பிறகுதான் ஒறைச்சுது. அரிசி போட்டு ஓட்டவும் இல்ல, பையை உதறவும் இல்ல. குண்டு மிளகாத் தூளு ஒரு புடிக்கு மேலயே அவ டப்பாவுக்குள்ள போயிருக்கும்.

பதினேழு வருஷத்துல பண்ணாத தப்பு. அவ தெருவுல நின்னு கத்துனா படப்பை வரைக்கும் கேக்கும். ஓடிப்போய்ச் சொல்லிடலாமான்னு பாத்தேன், பயம் வுடல. மூணு நாள் அவ தலை தெரியுதான்னு எட்டி எட்டிப் பாத்துக்கினே மெஷின் ஓட்டுனேன்.

நாலாவது நாள் வந்தா. கையில அதே டப்பா. வந்தவ "முன்னாடி இன்னா அரைச்ச?"ன்னு கேக்கல. இடுப்புல கைய வச்சிக்கினு, "அன்னிக்கு என் தூளுல இன்னா கலந்த நீ?"ன்னா.

தொலைஞ்சேன்னு நெனைச்சிக்கினு, "தப்புதான்க்கா, மறந்துட்டேன், திருப்பி அரைச்சுத் தரேன்"னேன்.

"தப்பாவது மண்ணாவது! எங்க வூட்டாரு கருவாட்டுக் குழம்புக்கு மூணு வாட்டி சோறு வாங்கினாரு. கல்யாணம் ஆயி முப்பது வருஷத்துல மூணாவது வாட்டி வாங்கினது கெடையாது. இன்னா கலந்தன்னு சொல்லுடி!"

நான் மூட்டையைக் காட்டுனேன். அவ ஒரு மிளகாயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தா. "இந்த இலந்தப்பழமா?"ன்னா. ரெண்டு கிலோ எடுத்துக்கினா. சாயந்தரத்துக்குள்ள அவ ஓர்ப்படி, நாத்தனா எல்லாரும் வந்துட்டாங்க. அவ வாய்க்கு ஒரு கோயிலே கட்டலாம்.

அதுக்கப்புறம் வந்தவங்கள்ல இன்னும் நாலஞ்சு பேரு தூளுல பை உதறாம அரைச்சேன். அதுவும் மறதியான்னு கேக்காதீங்க, அது என் வாயால வராது. ஆனா மத்த மூட்டைங்களை நேர்மையாத்தான் வித்தேன். தெக்கத்திப் பசங்க சாப்பிடுற மெஸ்ஸு ஒண்ணு வடக்குப்பட்டு ரோட்டுல கீது. அந்த மாஸ்டருக்கு ஒரு கிலோ குடுத்துப் பாத்தேன். "குழம்பு ஊர்க் குழம்பு மாதிரி இருக்குண்ணே"ன்னு பசங்க ரெண்டாவது தட்டு கேட்டாங்களாம். அவரு ரெண்டு மூட்டையத் தூக்கிட்டாரு. ஆவணி முடியறதுக்குள்ள அஞ்சு மூட்டையும் காலி. அந்தப் பொண்ணு சாக்கை மடிச்சு வச்சிட்டு என்னக் கட்டிப் புடிச்சிக்கினா. அன்னிக்கு எனக்கு வந்த சந்தோஷம், மில்லு தொறந்த அன்னிக்குக் கூட வரல.

ஆனா அவ அப்பா கேட்டு வேலை நெனைப்ப இன்னும் வுடல. "இந்த வருஷம் அந்தம்மா புண்ணியத்துல வித்துச்சு. வருஷா வருஷம் அவுகளையே தொந்தரவு பண்ண முடியுமா? சம்பளம்னா மாசம் பொறந்தா வந்துரும்ல"ன்னு போன்ல கேட்டுக்கினே இருந்தாரு. அவரு கேக்குறதும் நியாயம்தான். இந்த நேரத்துல கேட்டுல எடமும் காலியாயிடுச்சு. திங்கக்கெழமை பேரு குடுக்கணும்னு இவர்கிட்ட சூப்பர்வைசர் சொல்லிட்டாரு.

ஞாயித்துக்கெழமை ரெண்டு மணிக்கு ஷிப்டு முடிஞ்சு இவரு வந்தாரு. யூனிபார்ம் கூட மாத்தல. அவ எங்க வூட்ல ஒக்காந்து அவ அப்பாவோட பேசிக்கினு இருந்தா. "மாமா வந்துட்டாகப்பா, நீங்களே கேளுங்க"ன்னு போனை ஸ்பீக்கர்ல போட்டு இவர் கையில குடுத்தா. இவரு எல்லார்கிட்டயும் சொல்றதத்தான் சொல்லப் போறாரு, நெழல்ல ஒக்காந்து சம்பளம்னு. நான் சோறு போடப் போயிட்டேன்.

"வணக்கம்ணா. எப்ப வர்றீங்க?"ன்னு இவரு ஆரம்பிச்சாரு.

"வந்துரலாம் தம்பி. முந்தாநேத்து ராத்திரிதான் இங்கிட்டு மழை பெஞ்சுச்சு. நல்ல மழை. எங்க கரிசல்ல காலை வச்சா முழங்கால் வரைக்கும் உள்ள இழுக்குது. வாசனை, தம்பி, ஊரே மணக்குது..." அந்த மனுஷன் கொரல் மேல ஏறிக்கினே போச்சு. சட்டுனு நிறுத்திட்டு, "அது கெடக்கட்டும். நான் புதன்கெழமை பஸ் ஏறட்டுமா?"ன்னு கேட்டாரு.

நான் கரண்டியோட எட்டிப் பாத்தேன். இவரு போனையே பாத்துக்கினு நின்னாரு.

"எத்தினி ஏக்கருண்ணா?"

"மூணு."

"வெதை இருக்குதா?"

"எடுத்து வச்சிருக்கேன் தம்பி. நம்ம காயிலேர்ந்து நானே எடுத்தது."

கேட்டுக்கு வர்றேன்னு சொல்ற ஆளு எதுக்கு வெதை எடுத்து வச்சாருன்னு நான் நெனைச்சிக்கினேன். இவரும் அதத்தான் நெனைச்சாரோ இன்னாவோ. போனை வாய்க்கிட்ட கொண்டாந்தாரு.

"மன்னிச்சிக்குங்கண்ணா. அந்த எடத்துக்கு நேத்தே ஆளு போட்டுட்டாங்க. இப்போதைக்கு வேற எடம் கெடையாது. ஈரம் காயறதுக்குள்ள நீங்க வெதைச்சிடுங்க. காயி வந்தா அனுப்புங்க, இங்க நாங்க பாத்துக்கிறோம்."

அந்தப் பக்கத்துலேர்ந்து அவ அப்பா சொன்னாரு, "அப்படியா தம்பி... அப்ப சரி. அப்ப வெதச்சுர்றேன்." வேலை இல்லன்னு கேட்ட ஆளு கொரலா அது? தலையிலேர்ந்து மூட்டை எறக்கி வச்ச ஆளு கொரல். அந்தப் பொண்ணு ரெண்டு கையாலயும் மூஞ்சியப் பொத்திக்கினு வெளிய ஓடிட்டா.

எனக்கு வாய் நிக்குமா? "இன்னாய்யா, எடம் காலியாத்தானே கீது? நாளைக்குப் பேரு குடுக்கணும்னு நீதானே சொன்ன? எதுக்கு அந்தாளுகிட்ட பொய் சொன்ன? நாளைக்கு வெள்ளாமை போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

இவரு யூனிபார்ம் சட்டை பட்டனைக் கழட்டிக்கினே மெதுவா சொன்னாரு. "மழையைப் பத்திச் சொல்லும்போது அவரு கொரலைக் கேட்டியா நீ? அத உள்ள வச்சிக்கினு கேட்ல நிக்க முடியாதுடி. எனக்குத் தெரியும்."

பதினோரு வருஷத்துல அந்த வேலையப் பத்தி இந்த மனுஷன் ஒரு வார்த்தை கொறையா சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல. அவரு பக்கத்துல ஒக்காந்து சோத்தைப் போட்டேன்.